ஆறு லட்சம் வயிறுகளும் ஒரு பாலைவனமும்

எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலரைச் சீனாய் வனாந்தரத்தில் எண்ணிய முதல் கணக்கெடுப்பில் 6,03,550 பேர் தேறியதாக வேதத்தின் எண்ணாகமம் சொல்கிறது. அதுவும் இருபது வயதுக்கு மேற்பட்ட, போருக்குப் போகத்தக்க ஆண்கள் மட்டும். லேவியர் இதில் இல்லை. பெண்கள், பிள்ளைகள், எகிப்திலிருந்து கூடவே கிளம்பி வந்த பல ஜாதி ஜனங்கள் யாரும் இல்லை. எல்லோரையும் கூட்டினால் இருபது லட்சத்துக்குக் குறையாது. இவர்களோடு திரளான ஆடுமாடுகள் வேறு. இத்தனை உயிர்கள் நாற்பது ஆண்டுகள் எதைத் தின்றன, எதைக் குடித்தன?

இந்தக் கேள்வியைச் சந்தேகவாதிகள்தான் முதலில் எழுப்பியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் யூத மரபுக்குள் ரப்பிகளே அதை வெகுகாலத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். அதுவும் பந்திக்குப் பொறுப்பேற்றவரின் கவலையோடு. இந்த நீண்ட விவாதத்தைப் படித்துவரும்போது எனக்குப் புலப்படுவது, எவ்வளவு அற்புதம் தேவைப்பட்டது என்பதில்தான் சண்டை முழுவதும் நடக்கிறது. அந்த அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மேலே சொன்ன எண்.

வேதம் தரும் தகவல்கள் சுருக்கமானவை. காலையில் பனி விலகியதும் தரையில் கிடக்கும் மன்னா, ஆளுக்கு ஒரு ஓமர். வெள்ளிக்கிழமை இரண்டு பங்கு, சனிக்கிழமை ஒன்றும் கிடையாது. மறுநாளைக்கு எடுத்துவைத்தால் புழுத்து நாறும். மாலையில் காடைகள். பாறையிலிருந்து தண்ணீர். உடுத்திய துணி பழசாகவில்லை, கால் வீங்கவில்லை என்று உபாகமம் சேர்க்கிறது. மற்றதெல்லாம் பின்னால் வந்தவர்கள் கேட்டுக் கேட்டு நிரப்பியது.

மன்னா விழத் தொடங்குவதற்கு முந்தைய நாட்களுக்குக்கூட மரபில் கணக்கு இருக்கிறது. எகிப்திலிருந்து தோளில் சுமந்து வந்த புளியாத மாவு ஒரு மாதம், அறுபத்தொரு வேளைக்கு வந்தது என்று ராஷி எழுதுகிறார். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து உரை எழுதிய ராஷி, இன்றும் யூதச் சிறுவர்கள் முதலில் படிக்கும் உரைகாரர். அவர் இப்படி வேளைக் கணக்குச் சொல்வதில் எந்தக் கிண்டலும் இல்லை.

துணி விஷயத்தில், மித்ராஷ் என்னும் ரப்பிகளின் வேத விளக்கத்தில் வரும் ஒரு பழைய உரையாடல் எனக்கு மிகவும் பிடித்தது. ரப்பி எலெயாசர் தன் மாமனாரைக் குடைகிறார். வனாந்தரத்துக்குத் தறியையா தூக்கிக்கொண்டு போனார்கள்? தேவதூதர்கள் அவர்களுக்கு உடுத்திவிட்டவை என்கிறார் மாமனார். சரி, பிள்ளைகள் வளர்ந்தபோது? நத்தையைப் பார், அதன் ஓடும் கூடவே வளர்கிறதல்லவா என்கிறார். துவைக்க வேண்டாமா? மேகம் துவைத்தது. வியர்வை நாற்றம் அடிக்காதா? கிணற்றைச் சுற்றி முளைத்த நறும்புல்லில் புரண்டார்கள். மருமகன் விடுவதாயில்லை, மாமனாரும் சளைப்பதாயில்லை. ராஷி தன் உரையில் இதைச் சுருக்கி, மகிமையின் மேகங்கள் துணியைத் தேய்த்து இஸ்திரி போட்டதுபோல ஆக்கின என்கிறார். ஸ்பெயினில் பிறந்த இப்ன் எஸ்ரா பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதே வசனத்துக்கு வரும்போது தொனி மாறிவிடுகிறது. எகிப்திலிருந்தே நிறையத் துணி கொண்டுவந்திருக்கலாம், மன்னாவின் இயல்பு வியர்வையை உண்டாக்காததாகவும் இருக்கலாம் என்று யோசிக்கிறார். மன்னாவின் அற்புதத்தை ஏற்றுக்கொண்டு, துணியின் அற்புதத்தை அதன் பக்கவிளைவாகச் சுருக்கப் பார்க்கிறார். இதை நான் சிக்கனம் என்றுதான் சொல்வேன்.

தண்ணீருக்கு மரபு தந்த விடை ஒரு நடமாடும் கிணறு. ரப்பிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதின் தானீத் பகுதி, மூன்று நல்ல தலைவர்களின் பொருட்டு மூன்று கொடைகள் கிடைத்ததாகச் சொல்கிறது. மோசேயின் பொருட்டு மன்னா, ஆரோனின் பொருட்டு மேகம், மிரியாமின் பொருட்டு கிணறு. எண்ணாகமத்தில் மிரியாம் இறந்ததைச் சொன்ன அடுத்த வசனமே தண்ணீர் இல்லை என்று தொடங்குவதால் வந்த வாசிப்பு இது. தொசெஃப்தா என்ற பழைய தொகுப்பில் அந்தக் கிணறு சல்லடைபோல் துளைகள் கொண்ட பாறை. மக்கள் மலையேறினால் அதுவும் ஏறும், பள்ளத்தில் இறங்கினால் அதுவும் இறங்கும். சிரியாவின் துரா யூரோப்போஸ் நகரத்து ஜெபாலயச் சுவரில் மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் யாரோ ஒரு ஓவியர் இதைத் தீட்டியிருக்கிறார். நடுவில் கிணறு, அதிலிருந்து பன்னிரண்டு நீரோடைகள், ஒவ்வொன்றும் ஒரு கூடாரத்தின் வாசலுக்கு. பன்னிரண்டு கோத்திரத்துக்கும் சம பங்கு. 1932இல் அகழ்ந்தெடுத்த அந்த ஓவியங்கள் பின்னர் டமாஸ்கஸ் அருங்காட்சியகத்துக்குப் போயின.

மன்னாவைப் பற்றி தல்மூதின் யோமா பகுதியில் நடக்கும் பேச்சு ஒரு தனி உலகம். அது தேவதூதர் உண்ணும் அப்பம் என்கிறார் ரப்பி அகீவா. தூதர்கள் சாப்பிடுவார்களா, தவறாகச் சொன்னாய் என்று மறுக்கிறார் ரப்பி இஸ்மாயேல். அவருடைய விளக்கம் வேறு: உடலின் 248 உறுப்புகளும் முழுதாக உறிஞ்சிக்கொண்ட உணவு அது, கழிவே மிஞ்சாது. உடனே ஒரு இடையூறு. பாளையத்துக்கு வெளியே போகும்போது மண்வெட்டிக் கோல் எடுத்துப்போகச் சொல்கிறதே உபாகமம், அது எதற்கு? அந்நிய வியாபாரிகள் கொண்டுவந்து விற்ற பண்டங்களை வாங்கித் தின்றதற்கு, என்று பதில் வருகிறது. எனக்கு இந்த இடம் முக்கியம். கழிவைப் பற்றிய ஒரு கேள்வியைச் சமாளிக்கப்போய், வனாந்தரத்தில் சந்தை இருந்தது என்பதையும் பரலோக உணவுக்குப் பக்கத்திலேயே கடைச்சரக்கும் ஓடியது என்பதையும் ரப்பிகள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

சுவையைப் பற்றியும் விவாதம் உண்டு. நினைத்த சுவையெல்லாம் மன்னாவில் கிடைத்தது, ஆனால் எகிப்தை நினைத்து ஏங்கிய வெள்ளரி, கொம்மட்டி, கீரை, வெங்காயம், பூண்டு இந்த ஐந்தின் சுவை மட்டும் கிடைக்கவில்லை என்பது ஒரு கட்சி. பால் கொடுக்கும் தாய்மாருக்கு இவை ஆகாதாம். அப்படியும் ஏன் முணுமுணுத்தார்கள்? அதே யோமாவில் ஒரு விடை இருக்கிறது. கூடையில் சோறு இருக்கிறவனும் இல்லாதவனும் ஒன்றல்ல. நாளைக்கு விழுமா என்று தெரியாத உணவு வயிற்றை நிரப்பினாலும் பசியை ஆற்றுவதில்லை. மன்னாவை உபாகமம் சிறுமைப்படுத்திய சோதனை என்று சொல்வதற்கு இதைவிட நேர்மையான உரையை நான் பார்த்ததில்லை. இறைச்சி கேட்டு அழுத கதையில் ராஷி இவ்வளவு இரக்கம் காட்டுவதில்லை. ஆடுமாடுகள் கூட வந்தன, கானானுக்குள் நுழையும் தறுவாயிலும் ரூபன் கோத்திரத்தாரிடம் மந்தை மிகுதியாக இருந்தது, ஆகவே இவர்கள் சாக்குத் தேடினார்கள் என்று முடித்துவிடுகிறார். மேய்ச்சல்காரன் தன் மந்தையை அறுத்துத் தின்ன மாட்டான் என்ற எளிய காரணம் அவருக்குத் தோன்றாதது வியப்புதான்.

இயற்கை விளக்கங்கள் நவீன காலத்தில் தொடங்கியவை அல்ல. முதல் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்க மொழியில் எழுதிய ஜோசிஃபஸ், கடல் தாண்டிக் களைத்த காடைகள் பாளையத்தில் விழுந்தன என்கிறார். அந்த வட்டாரத்தில் இன்றும் அதுபோன்றது பொழிகிறது என்று மன்னாவைப் பற்றியும் சேர்க்கிறார். ரோமானிய வாசகருக்கு எழுதிய யூதர் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியது அது. ஒன்பதாம் நூற்றாண்டின் ஹீவி அல் பல்கிக்குக் கூச்சமில்லை. பாரசீகத்தில் செடிகளில் கிடைக்கும் தரஞ்சபீன் என்ற இனிப்புப் பிசின்தான் மன்னா, அவ்வளவுதான் என்றார். அவருடைய நூல் நமக்குக் கிடைக்கவில்லை. எதிர்த்து எழுதியவர்கள் வழியாகவே தெரிகிறார். இப்ன் எஸ்ரா அவர் எலும்புகள் அழுகட்டும் என்று சபித்துவிட்டு, வரிசையாக மறுப்புகளை அடுக்குகிறார்: தரஞ்சபீன் ஆண்டின் ஒரு பருவத்தில் மட்டுமே கிடைக்கும், வெயிலில் உருகாது, ஒரு ராத்திரியில் புழுக்காது, ஆறாம் நாளில் இரண்டு மடங்காகாது. சாபத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு தாவரவியலாளரின் குறிப்பு. அற்புதத்தைக் காப்பாற்ற அவருக்கு இயற்கையைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

யூதத் தத்துவஞானி மைமோனிடிஸ் இதைவிட ஆழமாகப் போனார். எண்ணாகமம் 33இல் தங்கிய இடங்களின் நீண்ட பட்டியல் ஏன்? ராஷி அங்கே இரக்கத்தைக் கண்டார். நாற்பத்திரண்டு தங்கல்களில் பதினான்கு முதல் ஆண்டிலும் எட்டு கடைசி ஆண்டிலும் போய்விடுகின்றன. நடுவில் முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு இருபதே பயணங்கள், ஓயாமல் அலைக்கழிக்கவில்லை. மைமோனிடிஸோ அந்தப் பட்டியலில் எதிர்காலச் சந்தேகத்துக்கான பதிலைக் கண்டார். அற்புதம் கண்டவனுக்குத்தான் சான்று, கேட்டவன் காலப்போக்கில் ஐயப்படுவான். அது மக்கள் வாழும் ஊர்களுக்குப் பக்கத்து வனாந்தரம்தானே, அங்கே உழவும் அறுவடையும் நடந்திருக்கும், கிணறுகள் இருந்திருக்கும், மன்னா இயல்பாகவே விழும் இடமாயிருக்கும் என்பான். அதை மறுக்கத்தான் இத்தனை இடங்களைப் பெயர் பெயராக எழுதிவைத்தார்கள் என்கிறார் ‘கலங்கியோரின் வழிகாட்டி’ மூன்றாம் பாகத்தில்.

1927இல் ஹீப்ரு பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் போடன்ஹைமர் சீனாய்க்குப் போனார். தாமரிஸ்க் என்னும் பாலைப் புதர்மரத்தில் மாவுப்பூச்சிகள் சாற்றை உறிஞ்சுகின்றன. அந்தச் சாற்றில் சர்க்கரை மிகுதி, நைட்ரஜன் மிகக் குறைவு. தேவையான நைட்ரஜனுக்காக ஏராளமாக உறிஞ்சி, வேண்டாத சர்க்கரையைத் துளித்துளியாக வெளியேற்றுகின்றன. வறண்ட காற்றில் அது உறைந்து தரையில் விழுகிறது. வெயில் ஏறினால் எறும்புகள் வந்து அள்ளிப்போகும், அதனால் விடியலிலேயே பொறுக்க வேண்டும். வேதம் சொல்லும் புழு இந்த எறும்புதான் என்றார். விவரங்கள் அழகாகப் பொருந்துகின்றன. பருவம் பொருந்தவில்லை, கோடையின் சில வாரங்கள் மட்டும். அளவோ துளியும் பொருந்தவில்லை. நல்ல ஆண்டிலும் தீபகற்பம் முழுவதற்கும் சில நூறு கிலோதான் தேறும். ஓமர் என்பது ஏறக்குறைய இரண்டு லிட்டர். கணக்கெடுத்த ஆண்களுக்கு மட்டுமே ஒரு காலைக்குப் பன்னிரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். அத்தனை பேருக்கும் இனிப்பு மட்டும் போட்டு வளர்க்கவும் முடியாது.

ஆக அந்த எண் இருக்கும்வரை பூச்சியால் பயனில்லை. எண்ணையே தொட்டார் வேத ஆய்வாளர் உம்பர்த்தோ கசூத்தோ. பண்டைக் கிழக்கில் அறுபதை அடிப்படையாகக் கொண்ட எண்முறை வழங்கியது, ஆறு லட்சம் என்பது அம்முறையில் பெருந்திரளைச் சொல்லும் நிறை எண் என்றார். தொல்லியலும் அந்தப் பக்கமே தள்ளியது. மரபின்படி மக்கள் பத்தொன்பது ஆண்டுகள் தங்கிய காதேஸ் பர்னேயாவாகக் கருதப்படும் மேட்டை, சீனாய் இஸ்ரேல் வசமிருந்த காலத்தில், 1976 முதல் 1982 வரை ருடால்ஃப் கோஹன் தோண்டினார். வட சீனாயிலேயே வளமான ஊற்று பக்கத்தில் ஓடுகிறது. கிடைத்தவை யூதா அரசர் காலத்துக் கோட்டைகள். மோசேயின் காலம் என்று சொல்லப்படும் நூற்றாண்டுகளின் தடயம் எதுவும் இல்லை. 2001 பாஸ்கா நாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் சீனாய் ஜெபாலயத்தில் ரப்பி டேவிட் வோல்பி, எகிப்திலிருந்து விடுதலைப் பயணம் நடந்தே இருந்தாலும் அது வேதம் விவரிக்கிறபடி நடக்கவில்லை என்று சபையிடமே சொன்னார். பெரும் கொந்தளிப்பு எழுந்தது.

எண்ணைச் சில ஆயிரமாகக் குறைத்துக்கொண்டால் நிலைமை வேறு. ஊற்றங்கரையில் நீண்டகாலம் தங்கி, மந்தையின் பாலும் தயிரும் உண்டு, இலையுதிர்காலத்தில் கரையில் விழும் காடைகளைப் பிடித்து, கோடையில் கொஞ்சம் தாமரிஸ்க் இனிப்புப் பொறுக்கி, போகிற வியாபாரியிடம் தானியம் வாங்கி ஒரு மேய்ப்பர் கூட்டம் அங்கே தாராளமாகப் பிழைத்திருக்க முடியும். கிணறு, ஊர்ப்பக்கம், இயல்பாக விழும் மன்னா: மைமோனிடிஸ் முன்கூட்டியே எழுதிவைத்த ஐயங்கள் அனேகமாக அப்படியே வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்தவர்களில் பலர் யூதர்களே. கணக்குப் பார்த்தால் எனக்கும் அந்தச் சிறு கூட்டம்தான் நம்பத்தகுந்ததாகப் படுகிறது. ஆனால் அந்தக் கூட்டத்துக்காக எந்த ரப்பியும் தன் மாமனாரிடம் துணியைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டியதில்லை.