வாலைப் பற்றி ஒரு கேள்வி

கெட்டவனை எழுதுவது சுலபம். நாலு வரி எழுதினால் போதும், வாசகர் மனத்தில் எழுந்து நின்றுவிடுவான். நல்லவனை எழுதுவதுதான் எங்கள் தொழிலில் கஷ்டமான காரியம். கொஞ்சம் அசந்தால் அவன் உபந்நியாசம் செய்ய ஆரம்பித்துவிடுவான். இன்னும் கொஞ்சம் அசந்தால் படமாகிச் சுவரில் தொங்கிவிடுவான். அதிலும் நல்ல உபாத்தியாயர் என்றால் கேட்கவே வேண்டாம். நம் கதைகளில் வருகிற வாத்தியார்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று, பிரம்பும் மூக்குப்பொடியுமாக ஒரு கோமாளி. அல்லது, வறுமையில் வாடி, கடைசி அத்தியாயத்தில் கலெக்டராகிவிட்ட பழைய மாணவனிடம் கும்பிடு வாங்கிக்கொள்கிற தியாகி. இந்த இரண்டு பேருக்கும் நடுவே, ஆறு வயதுக் குழந்தையின் எதிரே நின்றுகொண்டு, இந்த நிமிஷத்தில் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று தவிக்கிற மனிதர் ஒருவர் இருக்கிறாரே, அவரைக் காணோம்.

அவரை நான் கண்டது ஒரு ஜப்பானியப் புத்தகத்தில். டெட்சுகோ குரோயானகி எழுதி 1981-இல் வெளிவந்த 'டோட்டோசான்'. தமிழிலும் வந்திருக்கிறது, உங்களில் பலர் படித்திருப்பீர்கள். நாவல் அல்ல, ஆசிரியை தம் பால்யத்தைச் சொல்லுகிற புத்தகம். ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கப்பட்ட ஒரு சிறுமி, டோக்கியோவில் ஜியூகவோகா என்ற இடத்திலிருந்த டொமோயே பள்ளியில் சேருகிறாள். அங்கே பழைய ரயில் பெட்டிகள்தாம் வகுப்பறைகள். கோபயாஷி என்பவர் 1937-இல் தொடங்கிய பள்ளி அது. 1945-இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று.

இந்தப் புத்தகத்தைப் புகழ்கிறவர்கள் எல்லோரும் அந்த ரயில் பெட்டிகளைப் புகழ்கிறார்கள். எனக்கு அவற்றில் அவ்வளவு அக்கறை இல்லை. நம் பக்கத்திலும் சில பள்ளிகளின் சுவரில் ரயில் பெட்டி மாதிரி வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வர்ணம் வாங்கப் பணம் இருந்தால் போதும். முதல் நாள் அந்தச் சிறுமி பேசப் பேச, கொட்டாவி விடாமல் நாலு மணி நேரம் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார் என்கிறார்களே, அது பெரிய விஷயம், சந்தேகமில்லை. ஆனாலும் அது ஒரு நாள் காரியம். இந்தத் தொழிலின் தர்மம் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற அத்தியாயம் வேறு. அதில் வாலைப் பற்றிய பேச்சு ஒன்று வருகிறது.

டோட்டோசானின் வகுப்பில் தகாஹாஷி என்று ஒரு பையன். கை கால் குட்டை. இனிமேல் வளரப் போவதில்லை. ஒரு நாள் வகுப்பாசிரியை, ஆதியில் மனிதர்களுக்கு வால் இருந்த கதையைச் சொல்லுகிறாள். குழந்தைகளுக்கு ஒரே குஷி. பேச்சு வாக்கில் அந்தப் பையனைப் பார்த்து, உனக்கு வால் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறாள். அவன் அவசர அவசரமாக இல்லை என்கிறான். அவ்வளவுதான் நடந்தது. ஆசிரியையின் மனத்தில் துளிகூட விஷம் இல்லை. யாரையாவது கேட்க வேண்டும், கண்ணில் பட்டவனைக் கேட்டாள்.

பள்ளி விட்ட பிறகு, சமையலறைப் பக்கமிருந்து தலைமையாசிரியரின் குரல் கேட்கிறது. அவர் கோபித்து டோட்டோசான் கேட்டதே இல்லை. அந்த ஒரு பையனிடம் வாலைப் பற்றிக் கேட்டாயே, அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்தாயா என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். அந்தப் பெண் அழுகிறாள். வெளியே நிற்கும் சிறுமிக்கோ ஒன்றும் விளங்கவில்லை. தன்னைக் கேட்டிருந்தால் தனக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமே, வால் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறாள். மற்ற ஆசிரியர்கள் இருக்கும் அறையை விட்டுவிட்டு அவர் ஏன் சமையலறையில் வைத்துக் கண்டித்தார் என்பது அவளுக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிகிறது.

டாக்டருக்குத் தொழில் தர்மம் உண்டு, வக்கீலுக்கும் உண்டு. டாக்டர் தவறினால் நோயாளி வழக்குப் போடலாம். வக்கீல் சரியில்லை என்றால் கட்சிக்காரர் வேறு வக்கீலைத் தேடிப் போகலாம். குழந்தைக்கு அப்படி ஒரு வழியும் கிடையாது. தனக்கு ஒரு தவறு இழைக்கப்பட்டது என்பதே அதற்குத் தெரியாது. வாத்தியாரம்மா சொன்னால் அது உண்மை. அவள் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டியதுதான் என்று சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்னும். குரோயானகி சாட்சி சொல்லச் சுமார் நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. அதுவும் அவருக்கு எழுத வந்ததனால். எழுத வராத தகாஹாஷிகள் எத்தனை பேர்!

நம் நாட்டில் 2009-இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் பதினேழாவது பிரிவு, குழந்தையை அடிக்கவும் கூடாது, மனத்தை வதைக்கவும் கூடாது என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரைக்கும் உள்ளவர். அங்கன்வாடியிலும் பாலர் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிற மூன்று வயசும் நாலு வயசும் அந்த வாசகத்துக்கு வெளியே நிற்கின்றன. உள்ளே இருந்தால்தான் என்ன? வால் இருக்கிறதா என்று கேட்டதை எந்த இன்ஸ்பெக்டர் வந்து குறித்துக்கொண்டு போவார்? சட்டம் பிரம்பைப் பிடுங்கிக்கொள்ளலாம். நாக்கைத் தலைமையாசிரியர் ஒருவர் சமையலறையில் வைத்துத்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அதே தகாஹாஷி விளையாட்டு விழாவில் ஒவ்வொரு பந்தயத்திலும் முதலாவதாக வருகிறான். குட்டைக் கால்களுக்கு வாகாக இருக்கும்படி தலைமையாசிரியர் பந்தயங்களை அமைத்திருக்கிறார். இது குழந்தையை ஏமாற்றுகிற வேலை இல்லையா என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் விட்டுக்கொடுக்கவில்லை. மூச்சிரைக்க ஓடித்தான் தோற்கிறார்கள். நூறு கஜ ஓட்டம் நீளக் காலுக்குச் சாதகமாக அமைந்த பந்தயம்தானே? அதை யாரும் பாரபட்சம் என்று சொல்லுவதில்லை. வெகு காலமாக நடந்து வருவதால் அதற்கு நியாயம் என்று பெயர் வந்துவிட்டது.

எனக்கு உறுத்துகிற இடம் வேறொன்று. டோட்டோசான் ஒரு அழகான ரிப்பனைக் கட்டிக்கொண்டு வருகிறாள். தலைமையாசிரியரின் பெண்ணும் அதே பள்ளியில் படிக்கிறவள். தனக்கும் அதே மாதிரி வேண்டும் என்று அப்பாவைப் பிய்த்து எடுக்கிறாள். அவர் கடை கடையாகத் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் டோட்டோசானிடமே வந்து, பள்ளிக்கு அதைக் கட்டிக்கொண்டு வராமல் இருக்க முடியுமா என்று கேட்கிறார். அவளும் யோசித்துச் சம்மதிக்கிறாள். ஆசிரியை இதைப் பிரியத்தோடுதான் எழுதுகிறார்: உத்தரவு போடாமல், சமமானவளிடம் கேட்பது போலக் கேட்டாரே என்று. கேட்டார், சரி. தெய்வமாக நினைக்கிற ஒருவர் வந்து கேட்டால் எந்தக் குழந்தையால் முடியாது என்று சொல்ல முடியும்? அந்த நிமிஷத்தில் அவர் தகப்பனாராக வந்தாரே தவிர, தலைமையாசிரியராக வரவில்லை. தம் பெண்ணைத்தான் சமாதானப்படுத்தியிருக்க வேண்டும். இந்தச் சிறு கறையை ஆசிரியை மறைக்காமல், அது கறை என்றே தெரியாமல் எழுதியிருப்பதால்தான் கோபயாஷி சுவரில் படமாகத் தொங்காமல் மனிதராக நடமாடுகிறார். குழந்தையின் கண்ணுக்கு எட்டியது வரைதான் எழுதுவது என்ற கட்டுப்பாடு எழுத்துக்குச் செய்கிற உபகாரம் இது.

குஜராத்தியில் கிஜுபாய் பதேகா எழுதிய 'பகல் கனவு' இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிற புத்தகம். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்து, பாவ்நகரில் 1920-இல் பாலமந்திர் என்ற சிசுப் பள்ளியைத் தொடங்கியவர் கிஜுபாய். 'மீசை வைத்த அம்மா' என்று அவரைச் செல்லமாக அழைப்பார்களாம். அவருடைய கதையில் லக்ஷ்மிராம் என்ற உபாத்தியாயரே பேசுகிறார். முதல் நாளே அவர் போட்டுக்கொண்டு வந்த திட்டம் வகுப்பில் கவிழ்ந்துவிடுகிறது, ஒரே கூச்சல். வெட்கமில்லாமல் அதைச் சொல்லிவிட்டு, மறுநாள் கதை சொல்லிப் பிள்ளைகளை வசப்படுத்துகிறார். அங்கே பெரியவரின் யோசனை நமக்குத் தெரிகிறது. குழந்தையின் மனம் ஊகம்தான். டோட்டோசானிலோ குழந்தையின் மனம் தெரிகிறது. பெரியவரை நாம் ஊகிக்க வேண்டும். பிரசங்கம் என்னவோ கிஜுபாயிடம் கொஞ்சம் அதிகம்தான். பரீட்சையையும் அதிகாரியையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் கதையை மறந்துவிடுகிறார். கலை என்று பார்த்தால் ஜப்பானிய அம்மாளின் கை ஓங்கி இருக்கிறது. ஆனால் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை ஒருத்தி கேட்டால் நான் கிஜுபாயைத்தான் முதலில் கொடுப்பேன். தோற்றுப்போன வகுப்பை அங்கேதான் உள்ளேயிருந்து பார்க்கலாம்.

டோட்டோசானில் அப்படிப்பட்ட இடங்களில் கதவு சாத்தியே இருக்கிறது. அவளை விலக்கிய முதல் பள்ளியின் ஆசிரியை, மேஜை மூடியை நூறு தடவை திறந்து மூடுகிறாள், ஜன்னலில் நின்று தெருவில் போகிற வாத்தியக்காரர்களைக் கூப்பிடுகிறாள் என்று முறையிட்டுவிட்டு மறைந்துவிடுகிறாள். நாம் அவளைப் பார்த்துச் சிரிக்கிறோம். டொமோயேயில் மொத்தமே ஐம்பது பிள்ளைகள் அளவில்தான். அவள் கையில் எத்தனை பேரைக் கொடுத்திருந்தார்கள் என்று புத்தகத்தில் யாரும் கேட்கவில்லை. ஒருத்தியிடம் அறைகொள்ளாத கூட்டத்தை ஒப்படைத்துவிட்டு, பொறுமை போதாது என்று அவள் மீது குற்றம் சாட்டுகிறவர்களுக்கும் தர்மம் என்று ஒன்று இருக்க வேண்டாமா?

சமையலறையில் அழுதவளையும் புத்தகம் அங்கேயே விட்டுவிடுகிறது. டோட்டோசான் வீட்டுக்குப் போய்விட்டாளே, அதற்கு மேல் தெரியாது. மறுநாள் காலையில் அந்தப் பெண் வகுப்புக்குள் எப்படி நுழைந்தாள்? தகாஹாஷியின் முகத்தைப் பார்த்தாளா? அவனிடம் மன்னிப்புக் கேட்டாளா, அல்லது கேட்டால் அந்த வால் மறுபடியும் எல்லோர் எதிரிலும் வந்து நிற்குமே என்று வாயை மூடிக்கொண்டு பாடப் புத்தகத்தைப் பிரித்தாளா? எனக்கு இதை நாவலாக எழுதக் கிடைத்திருந்தால், அந்தக் காலை வேளையிலிருந்துதான் ஆரம்பித்திருப்பேன்.