வெயில் இருந்தும் ஓடும் டீசல் மின்னாக்கி

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், பராமரிப்புப் பணிக்காக மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும் நாட்களில் ஒரு வேடிக்கையைக் காணலாம். பகல் பதினொரு மணி. வெயில் சுட்டெரிக்கிறது. பட்டறையின் கூரைமீது சூரிய மின்பலகைகள் வரிசையாகப் பளபளக்கின்றன. பின்புறத்திலோ டீசல் ஜெனரேட்டர், அதாவது மின்னாக்கி, புகை கக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்த நேரத்தில் பலகைகள் ஒரு வாட் மின்சாரம்கூடத் தருவதில்லை!

“பலகை பழுதா சார்?” என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். பழுதன்று. பலகை தருவது நேர்மின்னோட்டம். அதை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர், மின்வாரியக் கம்பியில் உள்ள அலையைப் பார்த்தே தன் அலையை அமைத்துக்கொள்கிறது. கம்பியில் மின்சாரம் நின்றால் அதுவும் உடனே நின்றுவிட வேண்டும். இல்லாவிடில், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து. ஆகவே இது குறையன்று, பாதுகாப்பு ஏற்பாடு.

‘ஜெனரேட்டருக்கு விடை கொடுங்கள்’ என்று விற்பனையாளர் சொல்வதில் உள்ள பிழை இப்போது விளங்கும். மின்வாரியத்துடன் இணைந்த சூரியப் பலகை குறைப்பது மின்கட்டணத்தை. மின்னாக்கி செய்வது மின்தடையின்போது காவல். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதாகச் சொல்லி விற்றால், வாங்கியவர் முதல் மின்தடையிலேயே ஏமாந்து போகிறார். பிறகு அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களிடம் ‘சோலார் சுத்த மோசம்’ என்கிறார். ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்தப் பேச்சை நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

மின்னாக்கியை உண்மையிலேயே விலக்க வேண்டுமானால் மின்கல அடுக்கு வேண்டும். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 10 யூனிட். மின்னாக்கி அதிலிருந்து 3 முதல் 3.5 யூனிட் வரையே மின்சாரமாகத் தரும். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால் யூனிட் 26 முதல் 30 ரூபாய். மிக அதிகம்தான். ஆனால் 20 கிலோவாட் பளுவுள்ள பட்டறைக்கு மாதத்தில் ஒரு நாள், எட்டு மணி நேரம் மின்சாரம் இல்லையென்றால் தேவை 160 யூனிட். ஐம்பது லிட்டர் டீசல். சுமார் 4,500 ரூபாய். இதே 160 யூனிட்டைச் சேமிக்கும் மின்கல அடுக்குக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். மாதம் ஒரு நாளுக்காக அவ்வளவு முதலீட்டை எந்தச் சிறு தொழிலதிபர் முடக்குவார்? போதாக்குறைக்கு, தூண்டல் மோட்டார் ஒன்று கிளம்பும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். இன்வெர்ட்டர் அதையும் தாங்க வேண்டும்.

2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகம் கடும் மின்வெட்டில் தவித்தது. 2012-இல் சென்னையிலேயே நாள்தோறும் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. அப்போது வாங்கிய மின்னாக்கிகள் பல இன்னும் பட்டறைகளில் நிற்கின்றன. விலை என்றோ கொடுத்தாகிவிட்டது. அவற்றோடு புதிய மின்கலம் போட்டியிடுவது எளிதன்று.

அரசின் கொள்கைகளும் இந்த வேறுபாட்டுக்கு உரிய இடம் தரவில்லை என்பது என் குற்றச்சாட்டு. 2012-ஆம் ஆண்டுக் கொள்கை, 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றது, எட்டவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கொள்கை, 2023-க்குள் 9,000 மெகாவாட் என்றும், அதில் 40 விழுக்காடு நுகர்வோரிடமிருந்து என்றும் கூறியது. நுகர்வோர் கூரைகளின் பங்கு அதன் அருகில்கூட வரவில்லை. இலக்கு முழுவதும் பலகைகளின் மெகாவாட்டில்தான். எத்தனை மின்னாக்கிகள் ஓய்ந்தன என்பது எந்த இலக்கிலும் இல்லை. இதற்கிடையே 2021-இல் கூரை மின்சாரத்தின்மீது வலையமைப்புக் கட்டணம் வந்தது. சிறு தொழில்கள் முறையிட்ட பின் 2023-இல் அவற்றுக்குப் பாதியாகக் குறைந்தது. போட்ட கணக்கு இப்படி நடுவழியில் மாறினால் வங்கியில் கடன் வாங்க யார் துணிவார்?

கூரையின் கதை வேறு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி வேண்டும். பழைய பட்டறைகளின் ரம்பப்பல் கூரையில் கண்ணாடி வடக்கு நோக்கியும் தகடு தெற்கு நோக்கியும் சரிந்திருக்கும். நமது அட்சரேகைக்குத் தெற்குச் சரிவு நல்லதே. ஆனால் அது கல்நார்த் தகடாயின் பளுவையும் ஆளையும் தாங்காது. வாடகைக் கட்டடமாயின் கூரை உரிமையாளருடையது, மின்கட்டணம் குடியிருப்பவருடையது; செலவு ஒருவருக்கு, லாபம் மற்றவருக்கு.

நடுவழி ஒன்று உண்டு. மின்னாக்கி ஓடும்போது அதன் அலையையே பின்பற்றிப் பலகைகளும் உழைக்குமாறு ஒரு கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தலாம். மின்னாக்கியின் பளு அதன் திறனில் 30 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போனால் எரிபொருள் சரிவர எரியாமல் கரி படியும். அப்படிச் செய்தாலும் பகல் மின்தடையில் டீசல் கணிசமாக மிச்சமாகக்கூடும். மின்னாக்கி போகவில்லைதான், ஆனால் புகை குறைகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இதே பேட்டையில் வெள்ளம் தேங்கி நின்றதே, அத்தகைய சூரியனற்ற நாட்களுக்கு மின்னாக்கி இருப்பதும் நல்லதே.

அந்த மாணவனின் தந்தை அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். மூன்று விற்பனையாளர்கள் தந்த விலைப்பட்டியல்களை என்னிடம் கொண்டுவந்தார். பலகையின் வாட், உத்தரவாத ஆண்டு, மாதச் சேமிப்பு எல்லாம் அச்சிட்டிருந்தன. மின்தடையின்போது என்ன ஆகும் என்ற வரி மூன்றிலும் இல்லை.