மூத்த மகன் ஏன் ஓடினான்?

நாட்டுப்புறக் கதைகள் குழந்தைகளுக்கு நல்லொழுக்கம் கற்பிக்கின்றன என்ற வாக்கியத்தை எத்தனையோ முன்னுரைகளில் படித்துவிட்டோம். கதை சொன்ன பெண்களைப் பற்றி அதே முன்னுரைகளில் ஒரு வரியைத் தேட வேண்டியிருக்கிறது.

சுந்தரபாண்டியபுரத்தை வெளியூர்க்காரர்கள் சூரியகாந்தி வயலாகத்தான் அறிவார்கள். ‘ரோஜா’ (1992) நாயகியின் ஊருக்கும் இந்தப் பெயர்தான். அதில் கிழவிகள் கூடிப் புதுமணத் தம்பதியைக் கேலி செய்து ஆடுவார்கள். எழுதியவரும் இசையமைத்தவரும் ஆண்கள். ஊர்க் கிழவிகளின் வாய்த்துடுக்குக்குத் திரையில் கிடைத்த இடம் அந்த ஒரு பாட்டுதான்.

அச்சிலும் நிலைமை பெரிதாக வேறல்ல. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ (1964) நமக்குப் பெரும் செல்வம். அது இல்லையென்றால் நெல்லைச் சீமைப் பாடல்கள் பல காற்றோடு போயிருக்கும். தென்காசிக்கு வடக்கே சிவகிரி வட்டாரத்தில் எடுத்த பாடல்களும் அதில் உண்டு. பாடலுக்குக் கீழே சேகரித்தவர் பெயர் இருக்கும், இடம் இருக்கும். பாடியவள் பெயர் பெரும்பாலும் இருக்காது.

தாலாட்டையே எடுத்துக்கொள்வோம். தாய்மாமன் கொண்டுவரும் சீரை அவள் ஏன் அத்தனை நீளமாக அடுக்குகிறாள்? தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு அதெல்லாம் புரியாது. திண்ணையில் இருக்கும் மாமியாருக்குப் புரியும். நேரே சொல்ல முடியாததைப் பிள்ளையைச் சாக்கிட்டுச் சொல்ல அவளுக்குக் கிடைத்த மேடை அது. குழந்தைப் பாட்டு என்று பொறுக்கி எடுக்கும்போது பூவும் பொன்னும் தங்கிவிடுகின்றன, பொருமல் மட்டும் உதிர்ந்துபோகிறது.

நல்லதங்காள் கதைக்கு வருவோம். தென்மாவட்டங்களில் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதை. வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. பஞ்சம். ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணி மூளி அலங்காரி கதவடைக்கிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். ஊர் இன்றும் திட்டுவது மூளி அலங்காரியைத்தான். பஞ்சத்தில் பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாத ராஜாவை யாரும் திட்டக் கேட்டதில்லை. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்ற பழைய பொய்க்கு இந்தக் கதை நிறையவே உழைத்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் இதைப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்துவைக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பசி தெரிந்த பிள்ளைகளுக்குப் பசியைப் பற்றிய கதை சொன்னவர்கள் நம் பாட்டிகள். பாலில் நனைத்த நீதிக்கதைகளில் அந்தத் துணிச்சல் ஏது? அண்ணியின் கொடுமை, அண்ணனின் பாசம் என்று சுருக்கிச் சொல்லும்போது முதலில் காணாமல் போகிறவன் மூத்த மகன். அவன் சாக மறுக்கிறான். தாயின் கைக்குத் தப்பி ஓடுகிறான், கெஞ்சுகிறான். அவளோ விடுவதில்லை.

கேட்கிற பிள்ளை குறுக்கே பேசுவதும் அந்த இடத்தில்தான். “அவனை விட்டிருக்கலாம்லா? அவுக அப்பா எங்க போனாரு? அரமனையில நெல்லே இல்லையா?” சொல்லிக்கொண்டிருக்கும் பெண் அங்கே சற்று நின்று, தனக்குத் தோன்றும் பதிலைச் சொல்லியாக வேண்டும்.