பெயர் சொல்லாதவர்கள்

சுவிசேஷங்கள் நாலிலும் எழுதியவர் தம் பெயரைச் சொல்லவில்லை. மத்தேயுவின் பெயரால் வழங்கும் நூலில் மத்தேயுவே யாரோ ஓர் ஆயக்காரனாகத்தான் வருகிறான். தவிர, மாற்கின் பெரும்பகுதி வாசகம் அதில் இருக்கிறது. கூட இருந்து கண்டவனுக்குப் பிறர் ஏடு எதற்கு?

இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பப்பியாஸ் என்ற மேற்றிராணியார், பேதுரு சொன்னதை நினைவிலிருந்து எழுதினவர் மாற்கு என்றார். நாலு பெயர்களையும் ஒருசேரச் சொன்ன இரேனியஸின் நூல் ஏறக்குறைய 180ஐச் சேர்ந்தது. மாற்கு எழுதப்பட்டதோ 70ஐ ஒட்டி என்பது அறிஞர்களில் பெரும்பாலோர் முடிவு. இடையே நூறு வருஷம்!

ஊருக்கு ஒரே ஏடு இருந்தவரை பெயர் தேவைப்பட்டிராது. பல ஏடுகள் சேர்ந்ததும் எது யாருடையது, எதை நம்பலாம் என்ற கேள்வி பிறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பேதுருவின் பெயரைத் தாங்கிய சுவிசேஷம் ஒன்றும் இருந்தது. சபை அதைத் தள்ளிவிட்டது. பன்னிருவரில் ஒருவரல்லாத மாற்கு நிலைத்தார். பெரிய பெயர் மட்டும் நூலைக் காப்பாற்றாது போலும்.

பெயரை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். சேவல் கூவியதும் பேதுரு அழுகிற இடத்தில் நம் தொண்டையும் அடைக்கிறது. அதை எழுதியவருக்கு நாம் செலுத்தவேண்டிய மரியாதை அதுதான்.