பதினாறு எம்.எம். படியும் பதிப்பு நெறியும்: வடசென்னைத் தெருத்திரைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திரையரங்குக்கென எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்கள் வீடு, மன்றம், தெரு ஆகிய இடங்களில் காட்டப்படுவதற்காக 16 எம்.எம். அளவில் சுருக்கிப் படியெடுக்கப்பட்டன. இப்படிகளை மூலப்படத்தின் தரம் குறைந்த நகல்கள் என்று மட்டுமே கருதும் மின்னாக்க நடைமுறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. ஏட்டுச்சுவடிப் பதிப்பில் தமிழ்ப் புலமை வளர்த்தெடுத்த பாடவேறுபாட்டு நெறி படச்சுருளுக்கும் உரியது என்றும், அந்நெறியைக் கைக்கொள்ளாத மின்னாக்கம் உழைப்பாளர் குடியிருப்புகள் படம் பார்த்த வரலாற்றை இழக்கச் செய்யும் என்றும் வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: 16 எம்.எம்., படச்சுருள், மின்னாக்கம், பாடவேறுபாடு, தெருத்திரை, வடசென்னை

தெருவில் கட்டிய திரை

வியாசர்பாடியை ஒட்டிய மகாகவி பாரதி நகர், சென்னைவாசிகளின் பேச்சில் எம்.கே.பி. நகர். ஆலை, துறைமுகம், இரயில்வே ஆகியவற்றை நம்பி வாழ்ந்த வடசென்னைக் குடியிருப்புகளுக்கு இரண்டு வகைத் திரைகள் இருந்தன. ஒன்று திரையரங்கின் திரை. தண்டையார்பேட்டையில் 1967-இல் தொடங்கி 2020-இல் மூடப்பட்ட அகஸ்தியா அவ்வகைக்குச் சான்று. அரங்கின் வரலாறு கட்டடத்தோடு பிணைந்தது. அது மூடப்பட்டபோது நாளேடுகள் எழுதின. மற்றொன்று தெருத்திரை. ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் விழாவிலும் ரசிகர் மன்ற ஆண்டு விழாவிலும் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜக்டரில் ‘16 எம்.எம். படம் போடுவது’ வழக்கமாக இருந்தது. துணியின் பின்புறம் அமர்ந்தவர்களும் படம் பார்த்தார்கள். அவர்களுக்கு எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. நாயகன் இடக்கையால் வாள் சுழற்றினான். 1980-களில் ‘டெக்’ வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கியதும் இத்திரை மெல்ல மறைந்தது. அதன் முடிவை எந்த நாளேடும் குறிக்கவில்லை.

படம் ஊரைத் தேடிச் செல்லும் மரபு தமிழகத்துக்குப் புதிதன்று. திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படங்களையும் வாங்கிக் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்றார். எனினும் வின்சென்டின் கூடாரத்துக்குச் சீட்டு உண்டு, எல்லை உண்டு. தெருத்திரைக்கு இரண்டும் இல்லை. ஆகவே அது வசூல் கணக்கில் ஏறவில்லை. வசூல் கணக்கில் ஏறாதது திரைத்துறையின் நினைவிலும் நிற்பதில்லை.

தமிழ்த் திரை ஆய்விலும் இவ்விடைவெளி உண்டு. ஸ்டீஃபன் ஹியூஸ் மௌனப்படக் காலச் சென்னையின் திரையிடல் வரலாற்றை எழுதினார். எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ‘தி இமேஜ் ட்ராப்’ (1992) எம்.ஜி.ஆரின் படிமத்தையும் அடித்தட்டு மக்களின் ஏற்பையும் ஆராய்ந்தது. சாரா டிக்கி மதுரை நகர்ப்புற ஏழைகளிடையே களப்பணி செய்து 1993-இல் நூல் வெளியிட்டார். இவை பெரும்பணிகள். ஆயினும் பார்வையாளரைப் பற்றிப் பேசும் ஆய்வுகள் பொதுவாகக் கதை, படிமம், நேர்காணல், பத்திரிகைச் செய்தி ஆகியவற்றையே சான்றாகக் கொள்கின்றன. பார்வையாளர் முன் ஓடிய சுருள் ஒரு பருப்பொருளாக ஆய்வு மேசைக்கு வருவது அரிது.

சுருக்கத்தின் கணக்கு

16 எம்.எம். அளவு 1923-இலும், 8 எம்.எம். 1932-இலும், சூப்பர் 8 1965-இலும் அறிமுகமாயின. மூன்றும் வீட்டுப் பயன்பாட்டை எண்ணி உருவாக்கப்பட்டவை. 35 எம்.எம். படச்சுருள் 1950-களின் தொடக்கம் வரை எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. வீட்டில் அது கூடாது என்பதால் 16 எம்.எம். தொடக்கம் முதலே ‘பாதுகாப்புச் சுருள்’ எனப்பட்ட அசிட்டேட்டில் வந்தது.

35 எம்.எம். சுருளின் ஓர் அடியில் 16 சட்டங்கள், 16 எம்.எம். சுருளின் ஓர் அடியில் 40 சட்டங்கள். இரண்டரை மணி நேரப் படம் முன்னதில் 13,500 அடி நீளும்; பின்னதில் 5,400 அடியில் அடங்கிவிடும். 1,600 அடி கொள்ளும் நான்கு சக்கரங்களில் முழுப்படமும் முடிந்துவிடுவதால், பெட்டியை ஒருவர் மிதிவண்டியிலேயே கொண்டு செல்லலாம். தெருத்திரையின் பொருளாதாரம் இந்த எடைக் குறைவில் இருந்தது.

இழப்பும் அதே கணக்கில் உள்ளது. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும்போது 35 எம்.எம். ஒலித்தடம் நொடிக்கு 18 அங்குலம் நகர்கிறது, 16 எம்.எம். தடம் 7.2 அங்குலமே நகர்கிறது. உயர் அதிர்வெண் ஒலிகளைப் பதிய இடம் போதாமையால் ச, ஷ, ஸ போன்ற உரசொலிகள் மழுங்குகின்றன. வசனத்தால் வாழ்ந்த தமிழ்ப் படங்களுக்கு இது சிறு குறையன்று. ‘பராசக்தி’ (1952) போன்ற ஒரு படத்தைத் தெருவில் முதன்முதலாகக் கேட்டவர் அரங்கில் கேட்டவரின் ஒலியைக் கேட்டிருக்க முடியாது. கூட்டத்தினர் வசனத்தை முன்கூட்டியே அறிந்து உடன் சொல்லும் பழக்கமும், கதை வசன ஒலித்தட்டுகளின் பரவலும் இம்மழுங்கலை ஈடுசெய்திருக்கலாம். இது தனியே ஆராயத்தக்கது.

நகலா, பாடமா?

மின்னாக்கம் செய்வோரிடையே நிலவும் கருத்து எளியது: 35 எம்.எம். எதிர்ச்சுருள் கிடைத்தால் 16 எம்.எம். தேவையில்லை, கிடைக்காவிட்டால் மட்டும் அது மாற்று. ‘மெட்ரோபொலிஸ்’ இக்கருத்தின் முற்பாதியை அசைக்காவிடினும் பிற்பாதிக்கு வலுச் சேர்த்தது. 1927-இல் பெர்லினில் வெளியான பின் குறைக்கப்பட்ட அப்படத்தின் ஏறத்தாழ முழுமையான வடிவம் 2008-இல் புவெனஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 எம்.எம். சுருளாக அடையாளம் காணப்பட்டது. சுமார் 25 நிமிடக் காட்சிகள் மீண்டு, 2010-இல் புதிய வடிவம் திரையிடப்பட்டது. மீட்டோர் செய்த ஒரு செயல் இங்கு முக்கியமானது. சுருக்கிய படியில் சட்டத்தின் ஓரம் வெட்டுண்டிருந்தது. அந்த இடத்தை அவர்கள் கருமையாகவே விட்டனர். கீறல்களையும் முற்றாக மறைக்கவில்லை. எந்தப் பகுதி எந்தப் படியிலிருந்து வந்தது என்பதைப் பார்வையாளர் கண்ணாலேயே அறியலாம்.

இந்நெறி தமிழ்ப் புலமைக்கு அயலானது அன்று. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்தபோது, ஏடு தந்தவர்களைக் குறிப்பிட்டார், பிரதிபேதங்களைக் காட்டினார், சிதைந்த இடத்தைச் சிதைந்த இடமாகவே அச்சிட்டார். செல்லரித்த ஏட்டில் விடுபட்ட அடியைத் தாமே எழுதி நிரப்பும் பதிப்பாசிரியரைத் தமிழுலகம் மன்னிக்காது. திரைப்படத்துக்கு மட்டும் அச்செயல் ‘மெருகூட்டல்’ என்று பாராட்டப்படுகிறது.

‘கர்ணன்’ (1964) 2012-இலும் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) 2014-இலும் மின்னாக்க வடிவில் மறுவெளியீடு பெற்றன. பழைய படத்துக்கு இளைய தலைமுறையை அரங்குக்கு இழுத்த அவற்றின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் இவ்வலையில் ஒரு பழக்கம் வேரூன்றியது: பழைய சட்டத்தை அகலத்திரைக்கு ஏற்ப மாற்றுவது, ஒற்றைத்தட ஒலியைப் பல்தட ஒலியாக்குவது. 1.37:1 விகிதத்தில் ஒளிப்பதிவு செய்யப்பட்ட சட்டத்தை 2.35:1 விகிதத்துக்கு மேலும் கீழும் வெட்டினால், உயரத்தில் ஏறத்தாழ 42 விழுக்காடு போய்விடும். ஒளிப்பதிவாளர் கால் முதல் கிரீடம் வரை காட்ட எண்ணிய நடிகர் மார்பளவுக்குக் குறுகுகிறார். தெருவில் ஓடிய 16 எம்.எம். படியோ மங்கலாக இருந்தாலும் ஏறத்தாழ முழுச் சட்டத்தையும் காட்டுகிறது. அகலத்திரையில் வெட்டப்பட்ட பாடத்துக்கு எதிரே வெட்டப்படாத பாடத்தின் சாட்சியாக அந்தக் கீறல் விழுந்த சுருள் நிற்கிறது. தரம் என்பதைக் கூர்மை ஒன்றாலேயே அளந்தால் இச்சாட்சி தோற்றுவிடும்.

இதனால் 16 எம்.எம். படி எல்லா இடத்திலும் நம்பத்தக்கது என்று கொள்ளலாகாது. பல கைகள் மாறிய படியில் அறுந்த இடங்கள் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வோர் ஒட்டிலும் சில சட்டங்கள் போயிருக்கும். சினிமாஸ்கோப் படங்களில் நிலைமை தலைகீழாகிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) வந்த பிறகு எடுக்கப்பட்ட அகலப் படங்களைச் சுருக்கும்போது, உருவை நெருக்கிப் பதிந்து அதற்குரிய வில்லையோடு காட்ட வேண்டும்; இல்லையேல் பக்கங்களை வெட்ட வேண்டும். எது செய்யப்பட்டது என்பதைப் படிதோறும் பார்த்தே சொல்ல இயலும். ஏட்டுச்சுவடியிலும் மூத்த ஏடு எப்போதும் நல்ல பாடம் தருவதில்லை.

வேறொரு நிலையும் உண்டு. இலங்கையின் தொடக்கத் தமிழ்ப் படங்களுள் ஒன்றான ‘சமுதாயம்’ 16 எம்.எம். அளவிலேயே எடுக்கப்பட்டது. அங்கே குறுஅளவுச் சுருளே மூலம். மேலும் 1983 ஜூலை வன்முறையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. எதிர்ச்சுருள் அழிந்த சூழலில் யாரோ ஒருவரிடம் தப்பியிருக்கக்கூடிய சிறுபடியை ‘நகல்’ என்று தள்ளுவது பொருளற்றது.

சுருளின் ஓரங்கள்

தெருத்திரைப் படியை மின்னாக்கம் செய்யும்போது முதலில் பலியாவது படத்துக்கு வெளியே இருப்பது. சுருளின் விளிம்பில் உற்பத்தியாளரின் குறிகள் இருக்கும். கோடக் சுருளின் வட்டம், சதுரம், முக்கோணம் ஆகியவை சுருள் உற்பத்தியான ஆண்டை அறிய உதவும். படம் வெளியான ஆண்டுக்கும் சுருள் ஆண்டுக்கும் உள்ள இடைவெளி, ஒரு படம் எத்தனை ஆண்டுகள் கழித்தும் தெருக்களில் தேவைப்பட்டது என்பதைச் சொல்லும். சட்டத்தை மட்டும் பதியும் கருவி இவ்விளிம்பைத் தவறவிடுகிறது. சட்டத்தைத் தாண்டித் துளைகளையும் விளிம்பையும் சேர்த்துப் பதியும் கருவிகள் உள்ளன. அவற்றில் பதிந்த கோப்பையும் பின்னர் ‘தூய்மை’ கருதி வெட்டிவிடுகிறார்கள்.

தணிக்கைச் சான்றிதழும் அத்தகையதே. படத்தின் தொடக்கத்தில் சில நொடிகள் தோன்றும் அத்தாளில் சுருளின் அளவு, நீளம், சுருள் எண்ணிக்கை, நாள் ஆகியவை உள்ளன. சான்றிதழில் 35 எம்.எம். நீளம் 4,500 மீட்டர் என்றிருந்தால், முழுமையான 16 எம்.எம். படி 1,800 மீட்டர் இருக்க வேண்டும். கையிலுள்ள சுருளை அளந்தால் விடுபட்டது எவ்வளவு என்று மீட்டரில் தெரிந்துவிடும். எந்தக் காட்சி விடுபட்டது என்பதற்குப் பாட்டுப் புத்தகமும் கதை வசன நூலும் ஒப்புநோக்கு ஏடுகளாகும். வெட்டு பாடலில் விழுந்ததா, சண்டையில் விழுந்ததா என்பது காட்டியவரின் நேர நெருக்கடியையும் பார்த்தவரின் விருப்பத்தையும் உணர்த்தும். சுருளின் தொடக்கத்தில் மையால் எழுதிய வாடகைக்காரரின் பெயர், தகரப் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு ஆகியவற்றுக்கு இலக்கியப் பதிப்பில் சூட்டப்பட்ட பெயர் ‘ஏட்டின் வரலாறு’. கணினிக் கோப்பில் அதற்கு ஒரு வரி இடம்கூடப் பெரும்பாலும் ஒதுக்கப்படுவதில்லை.

காடியும் சட்டமும்

புனேயில் 2003 ஜனவரியில் நேர்ந்த தீ விபத்தில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் பெருமளவில் அழிந்தன. அசிட்டேட்டுக்கு அந்த அச்சம் இல்லை. அதன் அழிவு மெல்லியது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சுருளிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரிந்து காடி நாற்றம் எழும். சுருள் சுருங்கி, வளைந்து, புரொஜக்டர் பற்களில் பொருந்தாது போகும். பிரிந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். அருகிலுள்ள சுருளையும் கெடுக்கும். டிரைஅசிட்டேட் சுருள் 1948-இல் அறிமுகமாகிப் பத்தாண்டுகளுக்குள் இச்சிதைவு பற்றிய முதல் முறையீடு கோடக் நிறுவனத்துக்கு வந்தது இந்திய அரசிடமிருந்துதான் என்பது கவனத்துக்குரியது. 21 பாகை வெப்பம், 50 விழுக்காடு ஈரப்பதம் என்ற நிலையிலேயே புதிய சுருள் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் காடிச் சிதைவைத் தொடும் என்பது ஆய்வகக் கணிப்பு. கடலை ஒட்டிய வடசென்னையின் பரண்களில் அந்த வெப்பமும் இல்லை, அந்த ஈரப்பதமும் இல்லை. வண்ணப்படிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் படம் முழுதும் செம்மை படர்கிறது.

எனவே காலம் குறுகியது. காப்பதற்குரிய அமைப்போ குறைபாடுடையது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான ஒவ்வொரு நூலின் படியும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்குச் சேர வேண்டும். திரைப்படத்துக்கு அத்தகைய பொதுக் கட்டாயம் இல்லை. ரூ.597 கோடி மதிப்பிலான தேசியத் திரைப்பட மரபுத் திட்டம் பெரும் முயற்சி. எனினும் அதன் அலகு ‘படம்’. ஒரே படத்தின் ஐந்தாவது தெருப்படிக்கு அதில் தனி இடம் இருக்க வாய்ப்பில்லை.

பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் மீதான உரிமை, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நீடிக்கும். ‘கர்ணன்’ அவ்வகையில் 2025 தொடக்கத்திலிருந்து அக்காலவரம்பைக் கடந்துவிட்டது. பாடல், வசனம் ஆகியவற்றின் தனியுரிமை வேறு. உரிமை நீடிக்கும் படங்களில் சிக்கல் மிகுதி. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள மின்வடிவமல்லாத படியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க இசைவளித்தது. வியாசர்பாடியிலோ திருவொற்றியூரிலோ தந்தையின் புரொஜக்டரோடு நான்கு தகரப் பெட்டிகளையும் வைத்திருப்பவர் பொது நூலகம் அல்லர். அவர் சுருளைத் தானே மின்னாக்கம் செய்தால் இவ்விலக்கு அவரைக் காக்காது. செய்யாவிட்டால் காடி காத்திருக்காது. சட்டத்தின் சொற்களையே பற்றிக்கொண்டு பார்த்தால் வழி ஒன்று உண்டு: சுருள் முதலில் நூலகத்தின் உடைமையாக வேண்டும்.

அதற்கு முன்னோடி தமிழகத்திலேயே உள்ளது. கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களோடு, பிறர் பொருட்படுத்தாத நாடக அறிவிப்புகளும் திரைப்படப் பாட்டுப் புத்தகங்களும் இருந்தன. அத்திரட்டே 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. நுண்படமாக்கலும் விரிவான பட்டியலாக்கமும் அதன் முதற்பணிகளாயின. ஒரு பாட்டுப் புத்தகத்துக்கு அங்கே பதிவு எண் உண்டு. அப்பாட்டுப் புத்தகத்துக்குரிய படம் தெருவில் ஓடிய சுருளுக்கும் அதே பட்டியலில் ஒரு பதிவு வேண்டும்: அளவு, மீட்டர் நீளம், விளிம்புக் குறி, ஒட்டுகளின் எண்ணிக்கை, காடி நிலை, பெட்டியின் மேல் எழுதியது, எந்தத் தெருவிலிருந்து வந்தது.