சூளைக்கும் விடுதிக்கும் நடுவே

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பழைய போர்களுக்குக் கிடைத்த மரியாதை அது. கோட்டையைச் சுற்றிய ஊர்களில் ஓயாமல் நடக்கும் இன்னொரு மோதலில் சிக்கியிருப்பவர்கள் இருளர் பழங்குடியினர். ஒரு பக்கம், திருட்டு வழக்கு என்றாலே அவர்கள் குடிசையைத் தேடி வரும் காவல்துறை. மறுபக்கம், முன்பணம் கொடுத்துப் பிடித்துவைக்கும் செங்கல் சூளை முதலாளி. 1993இல் விழுப்புரம் மாவட்டம் அத்தியூரில் ஓர் இருளர் பெண்ணை வன்கொடுமை செய்ததாகப் புதுச்சேரிக் காவலர்கள் மீது வழக்கு வந்தது. 2006இல் விழுப்புரம் நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது. உயர் நீதிமன்றம் பிறகு விடுவித்தது. திண்டிவனம் பேராசிரியர் கல்யாணி முன்னின்று உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அந்த வழக்குக்கான போராட்டத்தின் தொடர்ச்சிதான்.

இத்தகைய சமூகத்துப் பெண் பிள்ளைகளுக்கு அரசு வைத்திருக்கும் முதல் மருந்து, உண்டு உறைவிடப் பள்ளி. அதன் பலனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தை பிறந்தால் கல் அறுப்பு சூடுபிடிக்கும். குடும்பமே சூளைக்குப் போகும். பச்சைக் கல்லை வெயிலில் புரட்டிப் போடுவதும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் மூத்த பெண்ணின் வேலை. முழு ஆண்டுத் தேர்வும் அதே மாதங்களில்தான். விடுதியில் இருக்கும் பெண் அந்தத் தேர்வை எழுதுகிறாள். விடுதி பிள்ளைகளை வேரிலிருந்து பிடுங்குகிறது என்று எழுதுபவர்கள் ஒரு பங்குனி மதியம் சூளையில் நின்று பார்க்கட்டும்.

ஆனால் 2004இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா என்ற அரசு உறைவிடப் பள்ளி ஆறாம் வகுப்பில்தான் பெண்ணைச் சேர்க்கிறது. சூளை அவளை ஏழெட்டு வயதிலேயே சேர்த்துக்கொள்கிறது. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பகுதிகளில் பருவகால விடுதிகள் உண்டு. பெற்றோர் சூளைக்குப் போகும் மாதங்களில் சின்னப் பிள்ளைகளும் சொந்த ஊரிலேயே தங்கிப் படிக்கலாம். நாம் இரவல் வாங்க வேண்டியது அதைத்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை சாதிச் சான்று. பள்ளியில் சேர அது தேவையில்லை. மேற்படிப்பு உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் அது இல்லாமல் முடியாது. பழங்குடிச் சான்றில் கையெழுத்துப் போடுபவர் வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர் நிலையில் உள்ளவர். செஞ்சிக்காரர்களுக்கு அது திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகம், சுமார் 28 கிலோமீட்டர். பாட்டன் பேரில் பத்திரம் இருக்கிறதா, பாம்பு பிடிக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்டதாக இருளர்கள் சொல்வதுண்டு. பாடம் படித்த பெண்ணிடம் பாம்பு பிடிக்கச் சொல்வது எந்த ஊர் விசாரணை? பன்னிரண்டாம் வகுப்பு வரை சோறு போட்ட அதே அரசு, அதற்கடுத்த படியில் நீ யார் என்று கேட்கிறது.

அப்பாவை விசாரணைக்கு அழைத்துப் போனால், வீட்டைப் பார்க்க விடுதியிலிருந்து முதலில் திரும்புவதும் பெண்தான். இதை எந்த வார்டனாலும் தடுக்க முடியாது. விடுதிக்கு ஒதுக்கும் அக்கறையில் ஒரு பங்கு, பொய் வழக்கில் சிக்கும் தகப்பனுக்கு உடனடிச் சட்ட உதவியாகவும், குடியிருப்புக்கே வந்து சான்று கொடுக்கும் முகாமாகவும் போக வேண்டும்.