யார் பார்வையில் அந்தக் குழந்தை?

ஐசக் அசிமோவ் 1966இல் தொகுத்த ‘டுமாரோஸ் சில்ட்ரன்’ நூலில் 18 கதைகள். பெரும்பாலானவை நாற்பது, ஐம்பதுகளில் அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ்களில் வந்தவை. கதைக்குக் கதை ஒரு குழந்தை.

ஜெரோம் பிக்ஸ்பியின் அந்தோணிக்கு வயது மூன்று. நினைத்ததை நடத்திவிடுவான். அவனுக்குப் பயந்து ஊரே எந்நேரமும் நல்லதை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறது. 1944இல் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் வந்த லூயிஸ் பேட்ஜெட் கதையில், கைக்குழந்தை அலெக்சாண்டருக்குப் பாடம் நடத்த எதிர்காலத்திலிருந்து குள்ள மனிதர்கள் வந்து சேர்கிறார்கள். பெற்றோரின் தூக்கம் பறிபோகிறது. கடைசியில் ஆபத்தான பொருளை அவன் எடுப்பது தெரிந்தும் தடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். பேட்ஜெட் என்பது ஹென்றி கட்னர், சி.எல். மூர் தம்பதியின் புனைபெயர். பிள்ளை வளர்ப்பவர்கள் வெளியே சொல்லக் கூசும் களைப்பை இவ்வளவு துணிந்து எழுதியதற்காகவே இந்தக் கதையை இன்றும் படிக்கலாம்.

ஆனால் அலெக்சாண்டரின் மனதுக்குள் நாம் போவதே இல்லை. மார்க் கிளிஃப்டனின் ‘ஸ்டார், பிரைட்’ கதையிலும் அப்படித்தான். மேதைச் சிறுமியின் கதையைச் சொல்பவர் அவளுடைய அப்பா. நமக்குக் கிடைப்பது அவருடைய வியப்பும் பரிதவிப்பும். இதழில் தனியாகப் படித்தவருக்கு இது உறுத்தியிருக்காது. அடுத்தடுத்துப் படிக்கும்போது, பெரியவர்கள் தங்கள் பயத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்கள் என்பது பட்டவர்த்தனமாகிறது. தொகுப்பால் வந்த லாபம் இது. நஷ்டமும் உண்டு: இதழ் வாசகருக்கு எதிர்பாராமல் கிடைத்த அதிர்ச்சியை நூலின் தலைப்பே பாதி தின்றுவிடுகிறது.

குழந்தையை வெளியிலிருந்தே பார்க்கும் இந்தப் போக்குக்கு ஜென்னா ஹெண்டர்சன் விலக்கு. அரிசோனாவில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவருடைய ‘கிலியட்’ கதையைச் சொல்பவன் பீட்டர் என்ற பையனே. அவன் தங்கை பெத்தி பிறர் வலியைத் தன் உடம்பில் உணர்பவள். பள்ளிக்கூடமே அவளுக்குச் சித்திரவதை. அசாத்தியத் திறமை குழந்தைக்கு எவ்வளவு பெரிய சுமை என்பது இங்கேதான் உறைக்கிறது. இப்படி இன்னும் நாலைந்து கதைகள் இருந்திருந்தால் நூலின் கனமே வேறாக இருந்திருக்கும்.

அசிமோவ் தன் கதையொன்றையும் சேர்த்திருக்கிறார். 1958இல் ‘கேலக்ஸி’ இதழில் வந்த அதில் வரும் டிம்மி, நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நியாண்டர்தால் சிறுவன். நாளைய குழந்தைகள் என்று பெயரிட்ட நூலில் மனதை அதிகம் உலுக்குபவன் நேற்றையவன்! அவனிடம் எந்த மாயசக்தியும் இல்லை. காலம் கடந்து அவனைக் கொண்டுவந்த ஆய்வுக்கூடத்துக்கு அவன் ஒரு மாதிரிப்பொருள். முதல் பார்வையில் அவன் அவலட்சணத்தைக் கண்டு அருவருத்த செவிலி எடித் ஃபெலோஸ், அவனைத் திருப்பி அனுப்பும் நாளில் தானும் கூடவே போய்விடுகிறாள்.